சிரட்டைத் தூள் கலந்த பிஎல்ஏ ஃபிலமென்ட்: அரைப்பதிலிருந்து அச்சிடுவது வரை

தென்னை விளையும் ஊர்களில் கொப்பரை எடுத்தபின் மிஞ்சும் சிரட்டை அடுப்புக்கோ கரிச் சூளைக்கோ போகிறது. கொங்கு நாட்டில் தொட்டி, வடக்கே கொட்டாங்குச்சி என்று பெயர் மாறினாலும் பொருள் ஒன்றுதான். கடினமானது, சாம்பல் குறைவு, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் பொருளான லிக்னின் மிகுதி. இதை மாவாக அரைத்து, மக்காச்சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கோடு, அதாவது பிஎல்ஏவோடு உருக்கிச் சேர்த்தால், முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கான பழுப்பு நிற ஃபிலமென்ட், அதாவது அச்சு இழை கிடைக்கும். மரத்தின் தோற்றமும் தொடுவுணர்வும் அதற்கு உண்டு. பிளாஸ்டிக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாக வேளாண் கழிவு உள்ளே போகிறது.

கேட்கும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலை பெரும்பாலும் இரண்டு இடங்களில் தோற்கிறது. ஒன்று, தூளில் இருக்கும் ஈரம். இன்னொன்று, தூள் துகளின் பருமன். பிளாஸ்டிக்கை உருக்கித் துளைவழியே தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் வெப்பநிலை, அச்சு வேகம் என்று பலரும் தலையை உடைத்துக்கொள்ளும் விஷயங்களில் பாதி, இந்த இரண்டையும் சரிசெய்தால் தானாக அடங்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் தூளைத் தயார் செய்வதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஏன் சிரட்டை, ஏன் மற்றவை இல்லை

உமி எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதை எரித்தால் 15 முதல் 20 சதவீதம் வரை சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிகா. உப்புத்தாள் போல உராயும் பொருள் அது. அச்சு இயந்திரத்தில் உருகல் வெளிவரும் முனையான பித்தளை நாசிலின் துளையை வேகமாக அகலப்படுத்திவிடும். உமியோடு வேலை செய்யத்தான் வேண்டுமென்றால் கடினப்படுத்திய எஃகு நாசில் கட்டாயம்.

தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். அதைக் காயவைப்பது பெரும்பாடு. அதோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளும் அதில் மிகுதி, பலமுறை அலசினால்தான் குறையும். கரும்புச் சக்கையும் வாழை நாரும் இழைகளாகவே உடைவதால், எக்ஸ்ட்ரூடருக்குப் பொருளை ஊட்டும் புனலான ஹாப்பரின் வாயில் பாலம் கட்டி நின்றுவிடும். பிளாஸ்டிக் குருணை கீழே இறங்காது. கடலைத் தோல் பரவாயில்லை, ஆனால் மண் அதிகம் ஒட்டியிருக்கும்.

சிரட்டை அரைபடும்போது இழையாகப் பிரியாமல் பெரும்பாலும் சிறு துணுக்குகளாகவே உடைகிறது. அதனால் உருகிய பிஎல்ஏவுக்குள் எளிதாக ஓடும். முதன்முதலில் இந்த வேலையில் இறங்குபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தேவையானவை

ஒரு கிலோ ஃபிலமென்டுக்கான கணக்கு இது.

பிஎல்ஏ குருணை 820 கிராம். 210 டிகிரியில் 2.16 கிலோ எடையின்கீழ் உருகு பாய்வு எண் (உருகல் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதன் அளவு) 10 நிமிடத்துக்கு 6 கிராம் அளவில் உள்ள, எக்ஸ்ட்ரூஷனுக்கான ரகம் வேண்டும். நேச்சர்வொர்க்ஸ் நிறுவனத்தின் 4043டி அல்லது 2003டி, டோட்டல்எனர்ஜீஸ் கார்பியனின் எல்எக்ஸ்175 ஆகியவை பொருந்தும். ஊசி வார்ப்புக்கான நீர்த்த ரகங்களை வாங்காதீர்கள். உருகும்போது இழை தொங்கி அறுந்துவிடும்.

சிரட்டைத் தூள், 200 மெஷ் (ஓர் அங்குலத்தில் 200 துளை) சல்லடையில் இறங்கியது, உலர்ந்த எடையில் 150 கிராம்.

அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட் 30 கிராம். இது பிளாஸ்டிக்கை இளக்கும் திரவம். தூள் கலந்த இழை சுருளில் சுற்றும்போது ஒடியாமல் காக்கும். குருணையின்மேல் தூள் ஒட்டி நிற்கவும் உதவும். இதற்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 சேர்க்கலாம், ஆனால் அது ஈரத்தை இழுக்கும்.

கருவிகள்: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய ஓவன், 200 மெஷ் எஃகுச் சல்லடை, வலுவான காந்தம், காற்றுப் புகாத எஃகு டப்பாக்கள், சிலிகா ஜெல், ஒற்றைத் திருகு எக்ஸ்ட்ரூடர், இழையை இழுக்கும் கருவி, மைக்ரோமீட்டர் அல்லது டிஜிட்டல் வெர்னியர். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் கைக்கு எட்டினால் கலப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள், வித்தியாசம் பெரிது. சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனங்களில் இத்தகைய கருவிகளும் சோதனைக்கூடங்களும் உண்டு.

தூளைத் தயார் செய்தல்

நன்றாக முற்றிய காயின் சிரட்டையே வேண்டும். இளநீர் ஓடு ஆகாது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுரண்டி எடுங்கள். அதிலுள்ள எண்ணெய் எக்ஸ்ட்ரூடரில் புகையும். வெளிப்பக்க நாரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து முழுவதும் நீக்குங்கள். இதை அலட்சியமாக விட்டால் பின்னால் கஷ்டம். சல்லடை ஒரு துகளின் குறுக்களவைத்தான் பார்க்கும், நீளத்தைப் பார்க்காது. 70 மைக்ரான் தடிமனும் அரை மில்லிமீட்டர் நீளமும் உள்ள நார்த்துண்டு நிமிர்ந்து நின்று சல்லடையில் இறங்கிவிடும். பிறகு நாசிலில் குறுக்கே விழுந்து அடைக்கும். அரைத்தபின் நாரைப் பிரிக்கவே முடியாது.

சிரட்டையை 5 மி.மீ. துண்டுகளாக உடைத்து, பல்வரைசர் அல்லது சுத்தியல் ஆலையில் அரைக்க வேண்டும். வீட்டு மிக்ஸி இதற்கு ஒத்துவராது. பிளேடு தேய்ந்து இரும்புத் துகள் தூளில் சேரும், நல்ல மாவு கிடைப்பதற்குள் மோட்டார் சூடேறிவிடும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கொசுவர்த்திச் சுருளுக்கும் பிளைவுட் பசைக்கும் சிரட்டைத் தூள் அரைத்து விற்கும் ஆலைகள் இருக்கின்றன. சிறு அளவில் செய்பவர்கள் அங்கே 200 அல்லது 300 மெஷ் தூளை வாங்கிக்கொள்வதே நல்லது. வாங்கிய தூளை மீண்டும் சலிக்காமல் பயன்படுத்த வேண்டாம். மூட்டையில் எழுதியிருக்கும் மெஷ் எண் பெரும்பங்கு தூளின் அளவைச் சொல்கிறது. நாசிலை அடைப்பதோ அந்த மிச்சச் சில சதவீதம்.

ஏன் 200 மெஷ்? அதன் துளை 75 மைக்ரான். 0.6 மி.மீ. நாசிலின் எட்டில் ஒரு பங்கு. துகள்கள் ஒன்றோடொன்று மோதி வாயில் வளைவு கட்டாமல் ஓட இந்த இடைவெளி தேவை. 100 மெஷ் என்றால் 150 மைக்ரான். 0.4 மி.மீ. நாசிலில் அது துளையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும், அடைப்பு நிச்சயம். அதற்காக மிக நுண்ணிய தூளும் நல்லதல்ல. அளவு குறையக் குறையத் தூள் தனக்குள்ளேயே கட்டி சேரும். அந்தக் கட்டி 300 மைக்ரானாக வந்து நின்றால், நுண்மையாக அரைத்த பயன் போயிற்று.

சலித்தபின் தூளை அகலமான தட்டில் பரப்பி, காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மேலே மூன்று நான்கு முறை நகர்த்துங்கள். ஆலை இரும்பு ஒட்டிக்கொண்டு வரும்.

பாதுகாப்பு இங்கேயே சொல்ல வேண்டியது. சிரட்டை மாவு காற்றில் பறந்தால் தீப்பிடித்து வெடிக்கக்கூடிய தூசு. அரைக்கும், சலிக்கும் இடத்தில் அடுப்பு, சிகரெட், பொறி பறக்கும் வெட்டுக் கருவி எதுவும் கூடாது. சிந்தியதை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள்.

காரக் குளியல்: வேண்டுமா?

சிரட்டையின் மேற்பரப்பு நீரை விரும்பும், பிஎல்ஏ அவ்வளவாக விரும்பாது. இரண்டும் இறுகப் பற்றுவதில்லை. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் மேலே படிந்த மெழுகும் ஹெமிசெல்லுலோஸ் என்ற செல்சுவர்ப் பொருளின் ஒரு பகுதியும் கரைந்து, சொரசொரப்பான பரப்பு வெளிப்படும், பற்றும் கூடும். ஹெமிசெல்லுலோஸ்தான் வெப்பத்தில் முதலில் சிதைவது என்பதால் தூளின் வெப்பத் தாங்குதிறனும் சற்று உயரும்.

செய்முறை: ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். ஆறியபின் 100 கிராம் தூளைப் போட்டு, இரண்டு மணி நேரம் அவ்வப்போது கிளறுங்கள். நெருக்கமாக நெய்த துணியில் வடித்து, நீர் தெளியும்வரை அலசுங்கள். கடைசியாக, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலில் ஒருமுறை அலசி, மீண்டும் நல்ல நீரில் அலசுங்கள். பிஎச் தாளில் 7 காட்ட வேண்டும். 8, 9 என்று நின்றால் நிறுத்தாதீர்கள். மிஞ்சும் காரம் எக்ஸ்ட்ரூடரின் சூட்டில் பிஎல்ஏவின் சங்கிலியை வெட்டும், குளிக்காத தூளைவிட மோசமான ஃபிலமென்ட் வரும். வடித்த கரும்பழுப்பு நீரை வினிகரால் நடுநிலைக்குக் கொண்டுவந்தபின்பே கொட்டுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பூச்சாடி, விளக்குக் கூடு, அலங்காரப் பொருள் செய்பவர்களுக்கு இந்தக் குளியல் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சுமை தாங்கும் பாகம் செய்யப்போகிறவர்கள், குளித்த தூள் ஒரு தொகுதியும் குளிக்காதது ஒரு தொகுதியும் செய்து இழுவிசைச் சோதனையில் ஒப்பிட்டபின் முடிவெடுக்கலாம்.

உலர்த்துதல்

இந்தக் கணக்கைப் பாருங்கள். சாதாரணமாகத் திறந்து கிடக்கும் சிரட்டைத் தூளில் 8 சதவீதம் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 கிராமில் அது 12 கிராம் தண்ணீர். பிஎல்ஏ குருணையை எக்ஸ்ட்ரூடரில் போடும்போது ஈரம் பத்து லட்சத்தில் 250 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உற்பத்தியாளர்களின் வரம்பு. ஒரு கிலோவுக்கு கால் கிராம். நீங்கள் போடுவதோ அதைப்போல் 48 மடங்கு.

அந்தத் தண்ணீர் இரண்டு விதமாகக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரிவது ஆவி: இழையில் குமிழி, வெளியே வரும்போது படபடவென்ற சத்தம். கண்ணுக்குத் தெரியாதது இன்னும் மோசம். பிஎல்ஏ என்பது எஸ்டர் இணைப்புகளால் கோத்த சங்கிலி. சூட்டில் நீர் அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். சில நிமிடங்களிலேயே சங்கிலி குட்டையாகி, உருகல் தண்ணீர்போல் ஓடும், ஆறியபின் இழை சுண்ணாம்புக் குச்சிபோல் ஒடியும். பின்னால் காயவைத்து இதைச் சரிசெய்ய முடியாது, அறுந்த சங்கிலி ஒட்டாது.

தூளை 1 செ.மீ.க்கு மேல் உயராமல் தட்டில் பரப்பி 105 டிகிரியில் வையுங்கள். மணிக்கொரு முறை கிளறுங்கள். நான்கு மணி நேரத்துக்குப்பின் 20 கிராம் மாதிரியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து எடை பாருங்கள், மீண்டும் ஒரு மணி நேரம் வைத்து எடை பாருங்கள். குறைவு 0.02 கிராமுக்குள் அடங்கும்வரை தொடருங்கள். தூள் முன்பிருந்ததைவிடக் கருத்தாலோ கருகல் மணம் வந்தாலோ ஓவனின் உண்மை வெப்பம் அதன் முகப்பில் காட்டுவதைவிட அதிகம் என்று பொருள். தனி வெப்பமானி வைத்துச் சரிபாருங்கள்.

சூடாக இருக்கும்போதே எஃகு டப்பாவில் கொட்டி, சிலிகா ஜெல் பையோடு மூடுங்கள். ஆறட்டும் என்று தட்டிலேயே விட்டால், கடற்கரை ஊரின் காற்றில் உழைப்பு அத்தனையும் வீண். இவ்வளவு நுண்ணிய தூள் ஈரத்தை மிக வேகமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். காயவைத்த அன்றே பயன்படுத்துங்கள்.

குருணையைப் பொறுத்தவரை, பால்போல் வெளுத்திருந்தால் அது படிகமானது, 80 டிகிரியில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காயவைக்கலாம். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் படிகமாகாதது. 60 டிகிரி நெருங்கினாலே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், 45 டிகிரியில் நீண்ட நேரம் காய வேண்டும். மழைக்காலத்தில் வெளிக்காற்றை உள்ளிழுக்கும் சாதாரண ஓவன் போதாது. ஈரம் நீக்கிய காற்றைச் செலுத்தும் உலர்த்தியோ வெற்றிட ஓவனோ இருந்தால் மட்டும் அந்த மாதங்களில் வேலையைத் தொடங்குங்கள்.

கலத்தல்

குருணையையும் தூளையும் அப்படியே ஹாப்பரில் கொட்டினால் அதிர்வில் தூள் அடியில் இறங்கும், குருணை மேலே நிற்கும். முதல் பத்து மீட்டர் கருப்பு, கடைசிப் பத்து மீட்டர் வெளுப்பு என்று இழை வரும்.

அதனால் முதலில் மூடியுள்ள டப்பாவில் குருணையோடு 30 கிராம் சிட்ரேட்டை ஊற்றி, ஒவ்வொரு குருணையும் மினுங்கும்வரை ஐந்து நிமிடம் குலுக்குங்கள். பிறகு தூளை மூன்று பங்காகப் பிரித்துச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். எள் உருண்டையில் எள் ஒட்டுவதுபோல் குருணையின்மேல் தூள் ஒட்டி நிற்க வேண்டும். டப்பாவின் அடியில் தனித்தூள் தேங்கினால் அளவு அதிகம்.

குளோரோஃபார்மில் பிஎல்ஏவைக் கரைத்துத் தூளைச் சேர்க்கும் முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள். கலப்பு அருமையாக இருக்கும். ஆனால் அந்த ஆவி நச்சு, புகை வெளியேற்றும் கூண்டு இல்லாத இடத்தில் அதை நினைக்கவே கூடாது.

முதல் தொகுதியிலேயே 15 சதவீதத்துக்குப் போகாதீர்கள். 5 சதவீதத்தில் ஒன்று, 10 சதவீதத்தில் ஒன்று செய்து பழகுங்கள். 20 சதவீதத்தைத் தாண்டும்போது இழையின் வலு வேகமாக இறங்கும், சுருளில் சுற்றவே முடியாத நிலை வரும். தூள் சேரச் சேர விறைப்பு சற்று கூடலாம், இழுவிசை வலு பெரும்பாலும் குறையும். தூள் சேர்த்தால் பிளாஸ்டிக் உறுதியாகும் என்று யாராவது சொன்னால் சோதனை எண்ணைக் கேளுங்கள்.

எக்ஸ்ட்ரூடர்: இரண்டு ஓட்டம்

இரட்டைத் திருகு இல்லாவிட்டால் ஒற்றைத் திருகில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டம் கலப்பதற்கு, இரண்டாவது இழைக்கு. மூன்றாவது ஓட்டம் வேண்டாம். ஒவ்வொரு சூட்டிலும் பிஎல்ஏவின் சங்கிலி கொஞ்சம் குறையும்.

முதல் ஓட்டத்தில் எக்ஸ்ட்ரூடரின் முனையில் 3 மி.மீ. துளையுள்ள அச்சுவாயை, அதாவது டையை மாட்டுங்கள். வெறும் பிஎல்ஏவை 175 டிகிரியில் ஓட்டி, உள்ளிருக்கும் பழைய பொருளைத் தள்ளி வெளியேற்றியபின் கலவையைப் போடுங்கள். வெப்பநிலை: ஊட்டும் பகுதி 165, நடுப்பகுதி 175, டை 180. இதற்கு மேல் ஏற்றும் ஆசையை அடக்குங்கள். சிரட்டையின் ஹெமிசெல்லுலோஸ் 200 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும். சர்க்கரை கருகும் மணம் வந்தால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். முகப்பில் 185 என்று காட்டும்போதே திருகின் உராய்வால் உள்ளே அதைவிடச் சூடு இருக்கக்கூடும். கலவை உள்ளே தங்கும் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதபடி வேகத்தை வையுங்கள்.

வெளிவரும் கம்பியைக் காற்றில் ஆறவைத்து 3 மி.மீ. நீளக் குருணைகளாக வெட்டுங்கள். இந்தக் குருணை படிகமாகாதது. 45 டிகிரியில் இரவு முழுவதும் காயவைத்து, மறுநாள் இரண்டாவது ஓட்டம்.

இப்போது 2 மி.மீ. டை. அதன் முன்னே 60 மெஷ் கம்பி வலையை வையுங்கள். அதன் துளை 250 மைக்ரான். தனித்துகள் போய்விடும், கட்டி நின்றுவிடும். இந்த ஒரு வலை பின்னால் எத்தனையோ நாசில் அடைப்பைத் தவிர்க்கும். வலை நிரம்பினால் மோட்டார் திணறும், இழை மெலியும், அப்போது மாற்றுங்கள்.

டையிலிருந்து வரும் இழையைத் தண்ணீரில் விடாமல் விசிறிகளால் ஆற்றுங்கள். குளிர்ந்த நீரில் விட்டால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே சுருங்கும்போது நடுவில் வெற்றிடம் உண்டாகும். தூளும் ஈரம் வாங்கும். டைக்கும் இழுப்பானுக்கும் இடையே ஒரு மீட்டராவது இடம் விட்டு, மூன்று நான்கு விசிறிகளை இருபுறமும் வையுங்கள். ஒரே பக்கம் காற்று அடித்தால் இழை முட்டை வடிவமாகும்.

தடிமன் 1.75 மி.மீ., ஏற்ற இறக்கம் 0.05. ஒரே இடத்தில் செங்குத்தாக இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். இழுப்பான் வேகத்தைக் கூட்டினால் மெலியும், குறைத்தால் பருக்கும். திருகின் வேகத்தைத் தொடாமல் இழுப்பானை மட்டும் மாற்றுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். 1.85ஐத் தாண்டிய பகுதியை வெட்டி எறியுங்கள், அச்சு இயந்திரத்தின் குழாயில் சிக்கும். சுருளின் உள்விட்டம் 10 செ.மீ.க்குக் குறையாமல், இழையில் இளஞ்சூடு இருக்கும்போதே சுற்றுங்கள்.

எடை சொல்லும் உண்மை

சோதனைக்கூடம் இல்லாமலே இழையின் தரத்தை அறிய ஒரு வழி உண்டு. பிஎல்ஏவின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.24 கிராம். சிரட்டைத் தூளின் திண்ம அடர்த்தியை 1.4 என்று கொண்டால், மேலே சொன்ன கலவையின் அடர்த்தி சுமார் 1.25. 1.75 மி.மீ. இழை ஒரு மீட்டரின் கன அளவு 2.4 கன செ.மீ. ஆகவே ஒரு மீட்டர் 3 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 2.7 கிராம்தான் இருக்கிறது என்றால், பத்தில் ஒரு பங்கு காற்று. எங்கோ ஈரம் மிஞ்சியிருக்கிறது.

அடுத்தது வளைவுச் சோதனை. 50 மி.மீ. குழாயில் இழையை ஒரு சுற்று சுற்றுங்கள். ஒடிந்தால் காரணம் இரண்டில் ஒன்று. அதைப் பிரித்தறிய, தூள் சேர்க்காத பிஎல்ஏவை அதே வெப்பநிலையில் அதே இரண்டு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். அதுவும் ஒடிந்தால் குருணையின் ஈரமோ அதிக வெப்பமோ சங்கிலியை அறுத்திருக்கிறது. அது வளைந்து, கலவை மட்டும் ஒடிந்தால் தூளின் ஈரம், தூளின் அளவு, கட்டிகள் என்று வரிசையாகப் பாருங்கள். ஒடிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் கட்டி கரும்புள்ளியாகத் தெரியும். சோதனைக்கூட வசதி இருந்தால் உருகு பாய்வு எண்ணை அளக்கச் சொல்லுங்கள். 6ஆக இருந்தது 12ஐத் தாண்டினால் சங்கிலி நன்றாகவே குட்டையாகிவிட்டது.

அச்சிடுதல்

நாசில் 0.6 மி.மீ. அடுக்கு உயரம் 0.3. நாசில் வெப்பம் 195இல் தொடங்கி 5 டிகிரி படிகளாக 210 வரை ஒரு கோபுரம் அச்சிட்டுப் பாருங்கள். இங்கே கலவை சூட்டில் தங்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் எக்ஸ்ட்ரூடரைவிட வெப்பம் கூடலாம். தளம் 55 முதல் 60 டிகிரி. வேகம் நொடிக்கு 30 முதல் 45 மி.மீ. விசிறி பாதி வேகத்தில் போதும், முழு வேகத்தில் ஓடினால் அடுக்குகள் ஒட்டாமல் நகத்தால் பிரிக்க முடிகிற அளவுக்குப் போகும்.

இழையைப் பின்னிழுக்கும் அளவைக் குறையுங்கள். நேரடி ஊட்டத்தில் 0.8 மி.மீ., நீண்ட குழாய் வழி ஊட்டத்தில் 3 மி.மீ. அடிக்கடி பின்னிழுத்தால் பற்சக்கரம் ஒரே இடத்தைச் சுரண்டும். தூள் கலந்த இழை அங்கே மாவாகி, பற்களை நிரப்பிவிடும். ஊட்டம் நின்றபின் பற்சக்கரத்தைத் தூரிகையால் துடைக்காமல் மீண்டும் தொடங்க வேண்டாம்.

மிக முக்கியமாக, நாசில் சூடாக இருக்கும்போது இயந்திரத்தைச் சும்மா விடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்றாலே உள்ளிருக்கும் தூள் கருகத் தொடங்கும், அந்தக் கரி நாசில் சுவரில் ஒட்டும். தளத்தை முதலில் சூடாக்கி, அது தயாரானபின் நாசிலைச் சூடாக்குங்கள். வேலை முடிந்ததும் வெறும் பிஎல்ஏவை 20 செ.மீ. ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். அடைத்துவிட்டால் 200 டிகிரிக்குச் சூடாக்கி வெறும் பிஎல்ஏவைத் தள்ளி, 90 டிகிரிக்கு ஆறவிட்டு ஒரே இழுப்பில் வெளியே இழுங்கள். கரி அதோடு ஒட்டி வரும். இழை நுனி பழுப்பில்லாமல் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும்.

வெப்பம் கூடினால் நிறம் கருக்கும், குறைந்தால் வெளுக்கும். அடுக்குக்கு அடுக்கு 195க்கும் 210க்கும் இடையே மாற்றினால் மரத்தின் ஆண்டு வளையம்போல் கோடுகள் விழும். வேறெந்தச் சாயமும் தேவையில்லை. உப்புத்தாளால் 120, 240, 400 என்று தேய்த்து, அரக்குக் கரைசல் பூசினால் ஈரம் புகுவது குறையும். கார் கண்ணாடியின் பின்னால் வைக்கும் பொருளை இதில் செய்யாதீர்கள். பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகும், சிட்ரேட் சேர்த்ததால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கியிருக்கும். அடுக்குகளுக்கிடையே அழுக்கு தங்கும் என்பதால் உணவுப் பாத்திரமாகவும் வேண்டாம்.

மக்குமா?

இதில் நேர்மை தேவை. பிஎல்ஏ மக்கும், ஆனால் 58 டிகிரி அளவில் வெப்பமும் ஈரமும் நிலையாக இருக்கும் தொழிற்சாலை உரக்குழியில்தான் மாதக்கணக்கில் மக்கும். தோட்டத்து மண்ணில் புதைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடலில் இன்னும் மோசம். சிரட்டைத் தூள் சேர்ப்பதால் நீர் உள்ளே புகும் வழி கூடும் என்பது உண்மை. அதனால் மண்ணில் கரைந்துவிடும் என்று சொல்ல முடியாது. சிரட்டையின் லிக்னினே மெதுவாக மக்கும் பொருள். நாற்றுத் தொட்டியாக அச்சிட்டு அப்படியே நடலாம் என்று நினைப்பவர்கள், பிஎல்ஏவை விட்டு, மண்ணில் மக்கும் பிஎச்ஏ (நுண்ணுயிர்கள் உருவாக்கும் பாலிஹைட்ராக்ஸிஅல்கனோயேட்) பிளாஸ்டிக் வகைகளைப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு மேலே சொன்ன வெப்பநிலைகள் பொருந்தாது.

விற்பனைக்குச் செய்தால், இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக் என்று பெயரிட ஐஎஸ் 17088 தரத்தை நிறைவு செய்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் பெற்றிருக்க வேண்டும். குருணை தயாரித்தவரிடம் உள்ள சான்று உங்கள் கலவைக்குச் செல்லாது. சான்று வரும்வரை சிரட்டைத் தூள் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் எழுதி விற்கலாம், அது உண்மையான தகவல்.

கழிவு இழையையும் தோற்ற அச்சுகளையும் நிறம் வாரியாகச் சேர்த்து வையுங்கள். 3 மி.மீ. துண்டாக வெட்டி, 45 டிகிரியில் காயவைத்து, புதிய கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இரண்டாவது ஓட்டத்தில் சேர்க்கலாம். தூள் ஏற்கெனவே அதில் இருப்பதால் அந்த அளவைக் கழித்துக்கொண்டு புதுத் தூளை எடை போடுங்கள். கருகியவற்றை மட்டும் சேர்க்க வேண்டாம்.